தீவில் இருவர், நடுவில் ஒருத்தி

வில்லை வளைத்தவனுக்கு ஒரு பெண். ஏறு தழுவியவனுக்கு ஒரு பெண். இலக்கை வீழ்த்தியவனுக்கு ஒரு பெண். ஆண்மக்கள் இருவர் தம்முள் யார் வலியர் என்று அறிய விரும்பியபோதெல்லாம், நடுவே ஒரு பெண்ணை நிறுத்திக்கொண்டது பழங்கதை மரபு. அவ்வாறு நிறுத்தப்பட்டவளை அழைத்து, உன் விருப்பம் யாது என்று கேட்ட கதைகள் மிகச் சில. அம்மரபு ஏட்டுச் சுவடியோடு மடிந்துவிட்டது என எண்ணுவோர், 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறு சித்திரப்படத்தைக் காண்டல் வேண்டும். 'மாலுமி பாப்பாய், மாலுமி சிந்துபாதைச் சந்திக்கிறான்' என்பது அதன் பெயரின் பொருள். ஏறத்தாழப் பதினாறு நிமிடம் ஓடும். குழந்தைகளுக்கு விருந்து; பெரியோருக்கும் சிரிப்பு. வரலாறு கற்போருக்கோ அதில் சிரிப்பினும் மிகுந்த பொருள் உண்டு.

கதை மிக எளிது. திமிங்கிலத்தின் முதுகில் அமைந்த தீவொன்றில் சிந்துபாது வாழ்கிறான். சிங்கங்களும், பாம்புகளும், இரட்டைத் தலை அரக்கன் ஒருவனும், மலையனைய 'ரோக்' என்னும் பறவையும் அவன் ஏவலுக்குக் காத்திருக்கின்றன. உலகில் தன்னை ஒத்தவன் இல்லை என்று அவன் பாடித் திரிகையில், ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் புகைக்குழாயைக் கடித்த பாப்பாய் தன் கப்பலில் அவ்வழியே பாடிக்கொண்டு வருகிறான். உடன் அவன் காதலி. ஆலிவ் எண்ணெயின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மெல்லிய மங்கை. மூன்றாமவன் விம்பி என்னும் உணவுப் பிரியன். படம் முழுவதும் இறைச்சி அரைக்கும் எந்திரத்தைக் கையிலேந்தி ஒரு வாத்தைத் துரத்துவதன்றி அவனுக்கு வேறு தொழில் இல்லை. உண்மையில் அப்படத்தில் நேர்மையான குறிக்கோள் உடையவன் அவன் ஒருவனே என்பது நமது கருத்து!

சிந்துபாது பறவையை ஏவுகிறான். பறவை கப்பலை உடைத்துப் பெண்ணைக் கவர்ந்து வருகிறது. பாப்பாய் நீந்திக் கரையேறுகிறான். பின்னர்ப் போட்டி. பறவையோடு பொருதச் சென்றவன், அதனையே வறுத்துத் தட்டில் ஏந்தி வருகிறான். இரட்டைத் தலை அரக்கனும் வீழ்கிறான். இறுதியில் இருவரும் நேருக்கு நேர் மோதுகின்றனர். பாப்பாய் தோற்கும் தறுவாயில் டப்பியிலடைத்த பசலைக்கீரையை விழுங்குகிறான், வெல்கிறான். அத்தீவின் விலங்குகள், சற்றுமுன் வரை சிந்துபாதைப் போற்றிய அதே வாயால், வென்றவனைப் போற்றுகின்றன. குடிகளின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் கூறிய அரசியல் நூல் உண்டோ, அறியோம்.

இப்படத்தை ஆக்கியோர் பிளைஷர் உடன்பிறந்தார். மூத்தவர் மாக்ஸ், 1883-இல் கிராக்கோவில் யூதக் குடியிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயார்க் சேர்ந்தவர். இளையவர் டேவ், இயக்குநர். பாப்பாய் இவர்கள் பெற்ற பிள்ளை அல்லன். 1929-இல் சீகர் என்னும் ஓவியர் செய்தித்தாள் சித்திரக்கதை ஒன்றில் அவனைப் படைத்தார். 1933 முதல் பிளைஷர் நிலையத்தார் அவனைத் திரையில் நடமாடவிட்டனர். அவனுக்கு முதல் வண்ணப்படம் இதுவே. அக்காடமிப் பரிசுக்கு இது முன்மொழியப்பட்டும், பரிசு வால்ட் டிஸ்னியின் படம் ஒன்றுக்குப் போயிற்று. எனினும் 2004-இல் அமெரிக்க அரசு, காத்துவைக்கத்தக்க படங்களின் தேசியப் பட்டியலில் இதனைச் சேர்த்தது.

தொழிற்றிறம் ஒன்றைச் சொல்லாமற் செல்லுதல் தகாது. மற்றையோர் தாளில் மலையும் குகையும் வரைந்து, அவற்றின் முன் உருவங்களை ஓடவிட்டனர். பிளைஷர் நிலையத்தாரோ, மலையையும் குகையையும் சிறு மாதிரிகளாகச் செய்து, சுழலும் மேசைமேல் அமைத்தனர். ஒளி ஊடுருவும் தகட்டில் தீட்டிய உருவத்தை அதன் முன்னே நிறுத்தி, மேசையைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படம் பிடித்தனர். ஆதலால் பாப்பாய் நடக்கும்போது அருகிலுள்ள பாறை விரைந்தும், அப்பாலுள்ள பாறை மெல்லவும் நகர்கின்றன. கண்ணுக்கு ஆழம் தோன்றுகிறது. நொடிக்கு 24 கட்டம் என்று கொண்டால், பதினாறு நிமிடத்துக்கு 23,040 கட்டங்கள். ஓர் ஓவியத்தை இரு கட்டங்களுக்கு நிறுத்தினும், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் வேண்டும். அவற்றை வரைந்தும், மை தீட்டியும், வண்ணம் பூசியும் கொடுத்த கைகளின் பெயர்களுட் பெரும்பாலன திரையில் வரவில்லை. படம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1937 மே மாதம், அத்தொழிலாளர் குறைந்த கூலியும் நீண்ட வேலை நேரமும் பொறாது வேலைநிறுத்தம் செய்தனர். ஐந்து திங்கள் நடந்தது அந்நிறுத்தம். ஒரு கீரை டப்பியால் உலகை வெல்லும் வீரனை வரைந்தோர், தம் கூலியை உயர்த்த ஐந்து திங்கள் தெருவில் நிற்க வேண்டியதாயிற்று.

நிற்க. இச்சிந்துபாது யார்? இவனைப்பற்றிச் சிராங்கூனில் இருந்துகொண்டு பேச நமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமை உண்டு. அவன் ஓடிய கடல் நம் கடல்.

கதையிற் காணும் சிந்துபாது பாக்தாது நகரத்து வணிகன். ஹாரூன் அல் ரஷீத் என்னும் கலீபா ஆண்ட காலத்தில், அதாவது 786-க்கும் 809-க்கும் இடையே, வாழ்ந்தவனாக அவனைப் பேசுவர். ஏழு முறை கடல் ஏறினான். ஏழு முறையும் அல்லலுற்றான். ஏழு முறையும் பொருளோடு மீண்டான். இக்கதை முதலில் 'ஆயிரத்தோர் இரவுகள்' என்னும் தொகுதியைச் சேர்ந்ததன்று, தனிச்சுவடியாய் வழங்கியது. பிரெஞ்சு அறிஞர் கல்லாந்து, 1704 முதல் அத்தொகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டபோது இதனையும் அதனோடு சேர்த்துவிட்டார். அது முதல் பிரிக்க முடியாததாயிற்று.

அற்புதங்களை அகற்றிவிட்டுப் பார்த்தால், கீழைக்கடல் மாலுமிகள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்த செய்திகள் அக்கதையில் திரண்டு கிடத்தல் புலனாகும். இரண்டாம் பயணத்தில் மரத்தைத் துளைத்துக் கற்பூரம் எடுக்கும் முறை கூறப்படுகிறது. ஐந்தாம் பயணத்தில், மரத்தின்மேல் உள்ள குரங்குகளைக் கல்லால் எறிய, அவை சினந்து தேங்காயைப் பறித்து வீச, அவற்றைப் பொறுக்கி விற்றுப் பொருளீட்டுகிறான். ஆறாம் பயணத்தில் அவன் சேர்வது சரண்தீப், அஃதாவது ஈழம். கற்பூரம் சுமத்திராவின் பாரூசுத் துறையினது. அத்துறையை அடுத்த லோபு துவா என்னும் ஊரில் 1088-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. அதற்கும் முந்தியது, இன்றைய தாய்லாந்தின் மேலைக்கரையில் தக்குவா பாவில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. குளம் ஒன்றைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டதை அது கூறும். அரபு வணிகன் கற்பூரத்தைத் தேடி வந்த கரையில் தமிழ் வணிகன் கடை விரித்திருந்தான் என்பதற்கு இவை சான்று.

அக்காலக் கப்பலே கண்ணுக்குக் கிடைத்ததும் ஒரு வியப்பு. 1998-ஆம் ஆண்டு, சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் இடையே பெலித்துங் தீவின் அருகில், கடலடியில் பழங்கலம் ஒன்று கண்டறியப்பட்டது. ஆணி அறையாது பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அரபு மரபுக் கலம் அது. அதனுள் சீன நாட்டுப் பீங்கான் சுமார் அறுபதினாயிரம். ஒரு கிண்ணத்தில் 826-ஆம் ஆண்டுக்கு ஒத்த சீன ஆண்டுக்குறிப்பு உண்டு. ஹாரூன் இறந்து இருபதாண்டு கழியாத காலம்! அச்சரக்கு இன்று சிங்கப்பூரில், ஆசிய நாகரிக அரும்பொருட் சாலையில் உள்ளது. அக்கலத்தைப் போன்றே ஓமான் நாட்டில் கயிற்றால் தைத்துக் கட்டிய 'மஸ்கட்டு மணி' என்னும் பாய்க்கப்பல், 2010-இல் கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்து, இந்நாட்டுக்குக் கொடையாக வழங்கப்பட்டது. நாம் பேருந்தேறிச் சென்று சிந்துபாதின் சரக்கைக் காணலாம்.

இத்தகைய ஒருவனைத்தான் அமெரிக்கச் சித்திரக்காரர் பெண் கவரும் முரடனாக்கினர். மூலக்கதையில் அவன் எவளையும் கவர்ந்தானில்லை. பறவை, அரக்கன், திமிங்கிலத்தீவு ஆகிய மூன்றும் மூலத்தில் அவனுக்கு இடுக்கண் விளைத்தவை; படத்தில் அவனுக்கு ஏவலாயின. துன்பப்பட்டவனே துன்பம் செய்பவனாக மாற்றப்பட்டான். கீழ்த்திசையார் எவரையும் மந்திரமும் மமதையும் உடைய கொடுங்கோலராகவும், மேல்திசையான் ஒருவன் கைமுட்டியால் அவரைத் திருத்துவானாகவும் வரைவது அந்நாளில் அவர்க்கு எளிய வழக்கமாய் இருந்தது. இதற்காகப் படத்தை வெறுக்க வேண்டுவதில்லை. சிரித்துவிட்டுச் சிந்தித்தால் போதும்.

ஆயினும் மூலச் சிந்துபாதைத் தூய்மையாளன் என்று நாம் வழக்காட முன்வரவில்லை. நான்காம் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அயல்நாட்டில் அரசன் அவனுக்கு மணம் செய்துவைக்கிறான். மணமான பின்னரே அந்நாட்டு வழக்கத்தை அறிகிறான்: கணவன் இறந்தால் மனைவியையும், மனைவி இறந்தால் கணவனையும் பிணத்தோடு பாழ்ங்கிணறு போன்ற குகையில் உயிருடன் இறக்கிவிடுவர். ஏழு அப்பமும் ஒரு குடம் நீரும் உடன் கொடுப்பர். மனைவி நோயுற்று இறக்கிறாள். சிந்துபாது கதறுகிறான், தான் அயலான், தனக்கு இந்த வழக்கம் பொருந்தாது என்று முறையிடுகிறான். எவரும் கேட்டாரில்லை. உடன்கட்டையென்று பெண்ணை மட்டும் நெருப்பில் தள்ளிய நாட்டார் இக்கதையைப் படிக்கும்போது ஒன்று தோன்றும்: அந்தக் கொடியோர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நீதி வைத்திருந்தனர்! ஆண் ஒருவன் அக்குழியில் இறக்கப்பட்டபோதுதான் அவ்வழக்கத்தின் கொடுமை கதை சொன்னவனுக்கே விளங்கிற்று போலும். குழியில் அவன் செய்தது என்ன? பிறகு இறக்கப்பட்ட கைம்பெண்களையும் ஆடவரையும் எலும்பால் அடித்துக் கொன்று, அவர்தம் அப்பத்தையும் நீரையும் உண்டு உயிர் பிழைத்தான். பிளைஷர் படத்தின் முரடன் இதனோடு ஒப்பிட்டால் சாது.

இவ்விடத்தில் நம் நூலொன்றை நினையாதிருத்தல் இயலாது. மணிமேகலையின் பதினாறாம் காதையில் சாதுவன் என்னும் புகார் நகர வணிகன் வருகிறான். மனைவி ஆதிரையைத் துறந்து, கணிகை வீட்டிலும் சூதிலும் கைப்பொருளை இழந்து, பொருள் போனபின் அக்கணிகையாலேயே துரத்தப்பட்டுக் கப்பலேறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி, நாகர் வாழும் மலைக்கரையிற் சேர்கிறான். நாகர் மனித இறைச்சி உண்போர். உறங்கியவனை உணவென்று கருதி எழுப்புகின்றனர். அவனோ அவர்கள் மொழியிற் பேசுகிறான். கைகள் தாழ்கின்றன. கீரை டப்பியன்று, இரட்டை முட்டியன்று. அயலான் மொழியைக் கற்றிருந்ததே அவனைக் காத்தது. வணிக இனத்தார் எழுதிய காப்பியம் அல்லவா? கூலவாணிகன் சாத்தனார்க்கு மொழியின் விலை தெரியும்.

தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். இவனுக்கு இளநங்கை ஒருத்தியும், கள்ளும், ஊனும் கொடுமின் என்கிறான் தலைவன். தீவும் உண்டு, பெண்ணும் உண்டு, கொடுப்பாரும் உண்டு. சாதுவன் வேண்டா என்கிறான். பெண்டிரும் உண்டியும் இல்லையாயின் வாழ்வில் பயன் யாது என்று தலைவன் வியந்து கேட்கிறான். அங்கே சண்டை நிகழவில்லை, உரையாடல் நிகழ்கிறது. அதன் முடிவில், உடைகலத்தோரைக் கொல்லாது விடவும், முதுமையால் இறந்த விலங்கின் ஊனை மட்டும் உண்ணவும் தலைவன் உடன்படுகிறான். முழுதும் ஊன் துறக்கச் சொல்லாமல் அவர்களால் இயலும் அறத்தைச் சொன்னதை நோக்குக. பின்னர்ச் சாதுவன் சந்திரதத்தன் என்னும் வணிகனது கலத்தில் ஊர் திரும்புகிறான்.

இங்கும் நமக்கு ஒரு குறை உண்டு; மறைப்பதற்கில்லை. கணவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்ட ஆதிரை, ஈமத்தீ மூட்டி அதனுட் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை என்றும், அவன் உயிரோடு இருக்கிறான் என்று வானிற் குரல் கேட்டது என்றும் புலவர் கூறுகிறார். பொருளையும் மனைவியையும் தொலைத்தவன் அறிவுரை கூறும் ஆசானாய்த் திரும்புகிறான். தொலைக்கப்பட்டவளோ தீயிற் புகுந்து தன் கற்பை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. காப்பியத்தில் தீ சுடாது. காவிரிக்கரையிலும் கங்கைக்கரையிலும் பிற்காலத்தில் மூட்டிய தீக்கள் சுட்டன. 1829-இல் பெண்டிங்கு பிரபு அதனைச் சட்டத்தால் தடுத்தார். அதற்குப் பின்னரும், 1987-இல் இராசத்தானத்தில் ஒரு பெண் அவ்வாறு மாண்டாள். ஆதிரையின் தீயைப் படிக்கும் மாணவர்க்கு ஆசிரியர் இதனையும் சேர்த்துச் சொல்வது நன்று.

இனி நாம் வாழும் தீவுக்கு வருவோம். சிராங்கூன் என்னும் பெயரே ஒரு பறவையால் வந்தது என்பர். சதுப்பு நிலத்தில் திரிந்த 'ரங்கோங்' என்னும் கொக்கினப் பறவை அது. ரோக் பறவையைப்போல் கப்பலைத் தூக்கிற்று என்று எவரும் சொல்லவில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பாலஸ்தியர் சாலையை ஒட்டிய சாலான் அம்பாசில் ஷா உடன்பிறந்தார் நடத்திய மலாய்ப் பட நிலையம், 1967-இல் மூடப்படும் வரை, அரபுக்கதைகளுக்கும் இடம் தந்தது. 1941-இல் தமிழில் 'மதனகாமராஜன்' என்னும் படத்தை இயக்கிய பி. என். ராவ், இங்கு வந்து 1955-இல் திருடன் அபூஹசன் கதையை மலாய் மொழியில் எடுத்தார். 1961-இல் பி. ராம்லி அலிபாபாவையே நகைச்சுவைப் படமாக்கினார். பாக்தாது பாலஸ்தியர் சாலைக்கு வந்து சேர்ந்தது!

ஆனால் பாப்பாய் படத்தோடு அடுத்து வைத்துப் பார்க்கத்தக்க கதை, படநிலையத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில் இருப்பது. படாங் என்பவன் ஓர் அடிமை. ஆற்றில் வலை வைத்து மீன்பிடிப்பான். நாள்தோறும் மீனை யாரோ தின்று முள்ளை விட்டுச்செல்லக் கண்டு, ஒளிந்திருந்து, இடைவரை தாடி தொங்கும் செங்கண் பூதம் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான். உயிரை விட்டால் வேண்டியதைத் தருவேன் என்கிறது பூதம். பொன் கேட்டால் ஆண்டான் பறித்துக்கொள்வான். வலிமை கேட்டால் எவனும் பறிக்க இயலாது என்று எண்ணி, அவன் வலிமையைக் கேட்கிறான். நான் கக்குவதை உண் என்கிறது பூதம். உண்கிறான். டப்பிக்கீரை இதனினும் சுவையானதாகவே இருந்திருக்கும். மரங்களை வேரோடு பிடுங்கும் ஆற்றல் வருகிறது. செய்தி சிங்கபுர அரசனுக்கு எட்ட, அடிமை படைவீரனாகிறான். அவன் செய்த எண்ணத்தைக் கவனிக்க வேண்டும்: அடிமைக்கு எது உடைமையாக நிற்கும், எது நில்லாது என்று ஓர் அடிமையே கணக்கிட்டுப் பார்க்கிறான். இவ்விடம் நூலெழுதிய அரசவையாரின் கண்ணுக்குத் தப்பி நுழைந்தது போலத் தோன்றுகிறது.

படாங்கின் புகழ் கடல் கடந்து கலிங்க நாட்டு அரசனுக்கு எட்டுகிறது. கலிங்கம் என்று மலாய் நூல்கள் சொல்வது பெரும்பாலும் தென்னிந்தியக் கரை முழுவதையும். நம் முன்னோர் கரையும் அதனுள் அடங்கும். அவ்வரசன் நாதி விசய விக்கிரமன் என்னும் தன் மல்லனை ஏழு கப்பலோடு சிங்கபுரத்துக்கு அனுப்புகிறான். பந்தயம் அக்கப்பல்களின் சரக்கு. பெண் இல்லை. அரண்மனைக்கு முன் கிடந்த பெருங்கல்லைத் தூக்குமாறு கலிங்க மல்லன் அறைகூவுகிறான். தானே முதலில் முழங்கால் வரை தூக்கி, தாங்காது போட்டுவிடுகிறான். படாங் அதனை எளிதில் எடுத்து, ஆற்றின் முகத்துவாரம் வரை வீசி எறிகிறான். ஏழு கப்பலின் சரக்கும் கைமாறுகின்றன.

தோற்ற நாட்டுப் பிள்ளைகளாகிய நாம் இக்கதையைச் சிங்கப்பூரில் வாழ்ந்துகொண்டு படிக்கிறோம். இதில் நாணத்தக்கது ஏதும் இல்லை. வந்தவன் மாயத்தால் வரவில்லை, கப்பலில் வந்தான், தோற்றதை ஒப்புக்கொண்டு, பந்தயப் பொருளை எண்ணிக் கொடுத்துச் சென்றான். பிற்காலத்தில் படாங் இறந்து பூரு என்னும் தீவில் அடக்கம் செய்யப்பட்டபோது, அச்செய்தி கேட்ட கலிங்க மன்னன் அவன் புதைகுழிக்கு நட இரண்டு கற்றூண்களை அனுப்பினான் என்று நூல் கூறுகிறது.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று உண்மையிலேயே இருந்தது. படாங் எறிந்த கல் அதுவே என்று மக்கள் சொல்லி வந்தனர். 1843-இல் ஆங்கிலேயர், அவ்விடத்தில் கட்டிடம் எழுப்புவதற்காக, அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டுகளுள் ஒன்று இன்று தேசிய அரும்பொருட் சாலையில் உள்ளது. அதிலுள்ள எழுத்து யாது, மொழி யாது என்பதை இன்றுவரை ஒருவரும் ஐயமறப் படித்தாரில்லை.